உருவகம் என்று எழுதியவள்

முதலில் விரல் நுனியில் ஊசி குத்தும். அப்புறம் எரியும். அப்புறம் ஒன்றுமே தெரியாது. அந்த ஒன்றுமே தெரியாத நேரம்தான் கொஞ்சம் சுகம். வேலை முடிந்து வெளியே வந்து வெயிலில் நின்றால் விரலுக்கு உயிர் திரும்பும் பாருங்கள், அப்போது வருவதுதான் நிஜமான வலி. வீட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க இரண்டு கையும் சேர வேண்டும். சட்டைப் பொத்தானை மகனைக் கூப்பிட்டுப் போடச் சொல்கிற பெண்கள் எங்கள் கம்பெனியில் நிறைய.

மீனை உறைய வைத்து அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புகிற கம்பெனி. எங்கள் மேஜையில் மூன்று பேர். ட்ரேயில் கல்லாக இறுகிக் கிடக்கிற மீன் கட்டியை மேஜையில் தட்டிக் கழற்றுவது நான். கழற்றியதை வாங்கி, பனிக்கட்டி மிதக்கிற தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பது என் நாத்தனார். அப்படி முக்கினால்தான் கட்டியின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் படியும். மீன் காய்ந்து போகாது. அதைப் பையில் போட்டு வாய் ஒட்டுவது ரேடியோ அக்கா. அவளுக்கு வேறு பெயர் உண்டு. அணைக்கிற பொத்தான் இல்லாததால் ரேடியோ.

மூன்றில் மோசமான வேலை முக்குவது. நாள் முழுக்கக் கை தண்ணீருக்குள். முன்பெல்லாம் உள்ளே பஞ்சு வைத்த தடித்த கையுறை தந்தார்கள். அது கிழிந்தது. மாற்று வரவில்லை. இப்போது தருவது பாத்திரம் கழுவ மாட்டிக்கொள்கிற மெல்லிய ரப்பர். ஸ்டோர்காரரைக் கேட்டால், "முதலாளி கையெழுத்துப் போடணும்மா" என்பார். மேனேஜரைக் கேட்டால், "ஸ்டோர்ல கேட்டுப் பாத்தீங்களா?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் நடந்த நடைக்குத் தனிச் செருப்பு வாங்க வேண்டும்.

நாத்தனாரின் விரல்கள் கணுவுக்குக் கணு வெடித்துவிட்டன. ராத்திரி களிம்பு தடவித் துணி சுற்றிக்கொண்டு படுப்பாள். காலையில் வெடிப்பு ஆறின மாதிரி இருக்கும். தொட்டியில் கையை விட்டதும் மறுபடி வாயைத் திறக்கும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"தடிச்ச கையுறை போடணும். இல்லேன்னா வேலைய விடணும். ரெண்டும் முடியாதுன்னா விரலை விடணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

வேலையை விடுவது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. புருஷனோடு ஒத்துவராமல் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்தவள். வந்த புதிதில் சோப்புத் தீர்ந்தால்கூடச் சொல்ல மாட்டாள். தட்டில் எவ்வளவு வைத்தாலும் போதும் போதும் என்பாள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் சத்தமாகச் சிரித்தாள். என்னோடு சண்டை போட ஆரம்பித்ததும் அப்புறம்தான்.

"கையில வேலை இருக்கிற வரைக்கும்தான் அண்ணி நான் இந்த வீட்டுல மனுஷி."

"அப்ப முன்னாடி உன்னை நாங்க என்ன மாடாவா கட்டி வெச்சிருந்தோம்?"

"மாடா இருந்தா பால் கறக்கும்னாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்."

இப்படிப்பட்ட வாய். அந்த வாய் மறுபடி மூடிப்போவதைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. அதனால் எனக்கு வேண்டியது கையுறை. வேறு எதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் மேனேஜர் கவிதையைக் கொண்டுவந்தார்.

கம்பெனி ஆரம்பித்த ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். முதல் பக்கத்தில் முதலாளியே எழுதிய கவிதை. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அந்தக் கவிதைக்கு ஒரு சின்னப் பத்தி எழுதித் தர வேண்டுமாம்.

"பெரிசா வேண்டாம். பத்து வரி. மையக்கருத்து என்ன, என்னென்ன அணி வந்திருக்கு, எதுகை மோனை எப்படி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல எழுதுவீங்களே, நயம் பாராட்டுறது, அதேதான்" என்றார் மேனேஜர்.

"நாங்க மீன் முக்குறவங்க சார்" என்றாள் ரேடியோ அக்கா.

"அதனால என்ன? எது நல்லாயிருக்கோ அதைத்தான் கவிதைக்குக் கீழேயே போடப் போறோம். முதலாளி நேரா அந்தப் பகுதிக்கு வருவாரு. வந்தா சும்மா போக மாட்டாரு. கேக்கறதைச் செய்வாரு."

கேக்கறதைச் செய்வாரு. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மேனேஜர் போய்விட்டார். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் மேஜையில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்தி. படித்ததற்கு இதுவரை கண்ட பலன், எல்லார் வீட்டு மின்கட்டண ரசீதையும் படித்துக் காட்டுவது.

"என்னைப் பாக்காதீங்க" என்றேன்.

"வேற யாரைப் பாக்கறது? சுவத்தையா?" என்றாள் நாத்தனார்.

கவிதை இதுதான்:

பனியும் வணங்கும் பணிக்கூடம் – பலர்
பசியைத் தீர்க்க எழுந்தகூடம்
இனியவர் கரமே என்கரமாம் – அது
இறைவன் எனக்குத் தந்தவரம்
நனையும் விரல்கள் என்விரலே – அவை
நடுங்கிடில் நானும் நடுங்குவனே
முனைந்தே நட்டோம் ஒருவிதையை – அது
முளைத்தது பனைபோல் நிழல்தரவே

மேஜைக்குப் பின்னால் இருக்கிற தூணில் ஈரம் படாமல் ஒட்டிவைத்துவிட்டு, தட்டிக்கொண்டும் முக்கிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் படித்தோம். நான் ஒரு வரி சத்தமாகச் சொல்வேன். ட்ரேயை மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. மறுவரி.

"பனைக்கு ஏது நிழல்?" என்றாள் ரேடியோ அக்கா. "பனை மரத்தடியில ஒதுங்கினா ஒரு காதுக்கு மட்டும்தான் நிழல் விழும். இன்னொரு காது வெயில்ல."

"அக்கா, அது உவமை."

"உவமையா இருந்தாலும் மரம் மரம்தானே. எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் அடியில நின்னு பாத்திருக்கலாம்."

"பனியும் வணங்கும்னா என்ன அண்ணி?" என்றாள் நாத்தனார், தொட்டியிலிருந்து கட்டியை எடுத்தபடி.

"பனி மனுஷன் மாதிரி கும்பிடுதாம். உயிரில்லாததுக்கு உயிர் குடுத்துப் பாடியிருக்காரு."

"எங்க கும்பிடுது? என் விரலைத்தான் கடிச்சுத் திங்குது. கும்பிடுதாம்."

"கடிக்கிற வாயைக் கும்பிடற கையா மாத்திட்டாரு. அதான் கவிதை" என்றாள் ரேடியோ அக்கா. பையின் வாயை ஒட்டும் மெஷின் புஸ் என்றது.

நான் சொல்லிவிட வேண்டும்: கவிதை மட்டமில்லை. பனி, இனி, நனை, முனை என்று இரண்டாம் எழுத்தைப் பிடித்துப் பிடித்துக் கட்டியிருந்தார். மனிதர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். அவர் வேலையை நான் பார்த்துவிட்டேன். எங்கள் வேலையை அவர் பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். விரல் மடங்கவில்லை. பேனாவை மூன்று விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் பிடித்தேன், கரண்டி மாதிரி. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் வாசற்படியில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளியில் எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். எந்தப் பாட்டு வந்தாலும் பயப்படாதே. கவிஞர் இப்பாடலில் தம் கருத்தை நயம்பட உரைக்கிறார் என்று தொடங்கு. சொல்நயமும் பொருள்நயமும் கைகோத்து நிற்கின்றன என்று நடுவில் வை. படிப்போர் நெஞ்சை அள்ளுகிறது என்று முடி. நடுவில் இரண்டு எதுகையைச் சொருகு. மதிப்பெண் விழும். அந்த வாய்ப்பாடு இன்னும் மனதில் இருந்தது. எழுதினேன். ஒரு மூச்சில் வந்துவிட்டது. படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர். "ஆனா இதை எங்க சைக்கிள் கடை போர்டுக்குக் கீழேகூடப் போடலாம் போலிருக்கே."

"உங்களைக் கேட்டேனா?"

"சத்தமாப் படிச்சே. காதுல விழுந்துது."

அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். எல்லாப் பகுதியிலும் இதே வாய்ப்பாட்டைத்தான் எழுதப் போகிறார்கள். எல்லாருக்கும் ஒரே வாத்தியார்தான், பெயர் மட்டும் வேறு. அந்தத் தாளைக் கசக்கி அடுப்புப் பக்கம் போட்டேன்.

அடுத்தது கோபத்தில் வந்தது. 'பனி வணங்கவில்லை, கடிக்கிறது. பனைக்கு நிழல் இல்லை. நடுங்குவது நாங்கள், அவர் அல்ல.' இதை எழுதி முடித்தபோது விரல் வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நாத்தனார் பின்னால் நின்று படித்தாள்.

"நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில கேட்டுலயே நம்மள நிறுத்திடுவாங்க. எனக்குக் கையுறையும் வேண்டாம், விரலும் வேண்டாம், வீட்டுலயே உக்காந்துக்கலாம்."

"அப்ப நீ எழுது."

"நான் எழுதினா பேனா புடிக்கிற விரல்ல ரத்தம் வரும். பாக்கறீங்களா?"

காட்டினாள். ஆள்காட்டி விரலில் சுற்றின துணியில் புதுசாக ஒரு புள்ளி. அவளே பக்கத்தில் உட்கார்ந்து, தூணிலிருந்து நான் எடுத்து வந்திருந்த கவிதைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

"ந-னை-யும் விரல்கள் என்விரலே. அண்ணி, இங்க பாருங்க. அவரே எழுதிக் குடுத்துட்டாரு."

"எதை?"

"என் விரல்னு. உங்க விரல் மாதிரின்னு சொல்லலை. என் விரல்னே சொல்லிட்டாரு. அவர் விரல்னா அவரு கையுறை போட மாட்டாரா? அவரு பையன் விரலா இருந்தா விட்டுடுவாரா? நீங்க வேற எதுவும் எழுத வேண்டாம். அவர் சொன்னதை அவருக்கே எடுத்துச் சொல்லுங்க. படிச்சுட்டுத் தப்பிக்க முடியாத மாதிரி."

பன்னிரண்டு வருஷம் படித்த எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அவளுக்கு அது கவிதை இல்லை. யாரோ கொடுத்த வாக்கு. வாக்கு மாதிரிதான் படித்தாள். எனக்குத்தான் அதற்குப் பெயர் தெரியும். உருவகம். அந்தப் பெயர் தெரிந்த பெருமையில்தான் எல்லாம் கெட்டது.

அன்று எழுதினது இது:

'இப்பாடலின் மையக்கருத்து, உழைப்பவரும் உழைப்புக்கு இடம் தந்தவரும் ஓருடல் என்பதாகும். "பனியும் வணங்கும்" என்று உயிரற்ற பனிக்கு மனிதச் செயலை ஏற்றிக் கூறியுள்ளார். பனி, இனி, நனை, முனை என எதுகை தொடர்ந்து வருகிறது. நனையும், நடுங்கிடில் என மோனையும் அமைந்துள்ளது. பாடலின் உயிர் "நனையும் விரல்கள் என்விரலே" என்ற அடி. விரல் போன்றது என்றால் உவமை. விரலே என்றதால் இது உருவகம். உவமையில் இரண்டுக்கும் நடுவே தூரம் உண்டு. உருவகத்தில் தூரமே இல்லை. ஆகவே எங்கள் விரல் வெடித்தால் வெடிப்பது முதலாளியின் விரலே. தம் விரலை யாரும் வெறுமனே குளிரில் விடுவதில்லை என்பதால் இக்கவிதை எங்களுக்கு நம்பிக்கை தருகிறது.'

"தப்பிக்க முடியாது" என்றாள் நாத்தனார் திருப்தியாக. "கடைசி வரி கழுத்தைப் புடிக்குது."

கணவர் எண்ணெய்க் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "கழுத்தைப் புடிச்ச மாதிரியும் இருக்கு, மாலை போட்ட மாதிரியும் இருக்கு."

அதுதான் வேண்டியது என்று நினைத்தேன்.

எங்கள் பத்திதான் தேர்வானது. மற்ற பகுதிகளிலிருந்து வந்தவை எல்லாம் 'நெஞ்சை அள்ளுகிறது' என்று முடிந்தனவாம், மேனேஜரே சொன்னார். "முதலாளி உங்க பத்தியைத் திரும்பத் திரும்பப் படிச்சாரும்மா. ஓருடல்னு எழுதியிருக்கே, அந்த இடத்துல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு."

"கடைசி வரி?" என்றேன்.

"எல்லாம் நல்லாருக்குன்னாரு."

சொன்ன நாளில் முதலாளி வந்தார். குளிர் அறைக்குள் வருவதற்காக அவருக்கு ஒரு கனத்த கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். கூடவே போட்டோ எடுக்கிறவர். பின்னால் மேனேஜர். ரேடியோ அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா எழுதினது?"

நான் முன்னால் வந்தேன். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். வயதான மனிதர். கை நடுங்கியது. குளிரா, வயசா என்று தெரியவில்லை.

"இந்தக் கவிதை எழுதும்போது எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா. யாரு புரிஞ்சுக்கப் போறாங்கன்னு நெனைச்சேன். வீட்டுல படிச்சுக் காட்டினேன், டி.வி. சத்தத்தைக் குறைக்கக்கூட இல்லை. நீ எழுதினே பாரு, தூரமே இல்லைன்னு. அதைத்தாம்மா நான் சொல்ல வந்தேன். என்ன வேணும்னாலும் கேளு."

கேட்பதற்கு நான் வாயைத் திறக்கும் முன் நாத்தனார் ரப்பர் கையுறையைக் கழற்றி, விரல்களில் சுற்றின துணியையும் அவிழ்த்துவிட்டாள். பத்து விரலையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"கையுறை சார். தடிச்ச கையுறை. முன்னாடி குடுத்தீங்களே, அது மாதிரி. இல்லேன்னா வேலைய விடச் சொல்லிட்டாரு டாக்டரு."

முதலாளி விரல்களைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "அடடா. இவ்வளவு நாளா யாரும் சொல்லலையே?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"உங்க விரல்தானே சார். நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு நிமிஷம் இந்தத் தொட்டியில வெச்சுப் பாருங்க" என்றாள் நாத்தனார். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை உதறினாள்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. கோட்டுக் கையை மடித்துவிட்டு, மோதிரத்தோடு அப்படியே தொட்டிக்குள் விரல்களை விட்டார். "அப்பப்பா!" என்று சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். உண்மையாகவே முகம் வெளுத்தது. அந்த ஒரு நொடி எனக்கு நம்பிக்கை வந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"சார், சார், ஒரு நிமிஷம்" என்றார் போட்டோ எடுக்கிறவர். "வெளிச்சம் பத்தலை. இன்னொரு தடவை விடுங்க. சிரிச்ச மாதிரி. அம்மா, நீங்களும் பக்கத்துல கையை விடுங்க."

முதலாளி மறுபடி விட்டார், சிரித்த மாதிரி. நாத்தனாரின் வெடித்த கையும் பக்கத்தில். ஒளி பளிச்சென்று அடித்தது. "சூப்பர் சார்." முதலாளி கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார். படம் எடுத்து முடித்ததும் அந்த விஷயமே முடிந்துவிட்ட மாதிரி ஆனது. அவருக்கு வலி ஒரு படமாகிவிட்டது.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் மேனேஜரிடம். அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் போனது. கையுறை வரவில்லை. ஸ்டோருக்குப் போனேன்.

"கையெழுத்து வரலையேம்மா."

"பாத்துக்கங்கன்னு சொன்னாரே, நாங்க எல்லாரும் கேட்டோமே."

"பாத்துக்கங்கன்னா பாத்துக்கறது. வாங்குன்னு சொன்னாத்தான் வாங்கறது."

மேனேஜரின் அறைக்குப் போனேன். நாத்தனாரும் வந்தாள். அவர் மேஜை மேல் மலரின் அச்சுக்குப் போக வேண்டிய தாள்கள். எங்கள் பத்தியும் இருந்தது.

"சார், முதலாளியே எழுதியிருக்காரு, எங்க விரல் அவரு விரல்னு. கேளுங்கன்னும் சொன்னாரு. இப்ப என்ன தடை?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்தியைத் தன் பக்கம் திருப்பினார். கிண்டல் இல்லை; வேலையில் களைத்த மனிதனின் குரல்.

"அம்மா, கோவிச்சுக்காதே. நீயே எழுதியிருக்கே இங்க. 'இது உருவகம்.' உருவகம்னா என்ன? ஒண்ணை இன்னொண்ணா வெச்சுப் பாடறது. முகத்தை நிலான்னு பாடறோம். அதுக்காக நிலாவுக்குப் பவுடர் போடறோமா? முதலாளிக்கு விரல் அவரோடது இருக்கு. உங்களுக்கு உங்களோடது. அழகுக்குப் பாடினதைக் கணக்குல எழுதச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா?"

உருவகத்தில் தூரமே இல்லை என்று எழுதினவள் நான். ஆனால் உருவகம் என்று பெயர் வைத்ததும் நான். பெயர் வைத்த இடத்திலேயே அவர் கால் வைத்து ஏறிவிட்டார். நாத்தனார் சொன்ன மாதிரியே விட்டிருந்தால், வாக்கு கொடுத்தீங்களே என்று கேட்டிருப்பாள். வாக்குக்கு எதிராக யாருக்கும் பதில் கிடைக்காது. அணிக்கு எதிராகப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை நானே கையில் கொடுத்திருந்தேன்.

"அப்ப 'பாத்துக்கங்க'ன்னு சொன்னது என்ன அணி சார்?" என்றாள் நாத்தனார்.

மேனேஜர் அதற்குச் சிரித்தேவிட்டார். "போய் வேலையைப் பாருங்கம்மா."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். தெருமுனையில் தண்ணீர்க் குழாயடியில் நின்றுவிட்டாள்.

"எதுக்கு அண்ணி அந்தப் பேரை எழுதினீங்க?"

"அதுக்குப் பேர் அதுதான்."

"இருக்கட்டும். எல்லாத்துக்கும் பேர் வெக்கணுமா? 'முதலாளி சொன்னார்'னு எழுதியிருக்கக் கூடாதா? 'சத்தியம் பண்ணினார்'னு எழுதியிருக்கக் கூடாதா?"

"கேட்டது மையக்கருத்து, அணி. சத்தியம்னு எழுதினா எங்க போடுவாங்க?"

"இப்ப மட்டும் போட்டு என்ன ஆச்சு? கையுறை வந்துதா?"

"ஆமாடி. தெரிஞ்சதை எழுதிட்டேன். தெரியாம இருந்திருந்தா உருப்பட்டிருப்போம். போதுமா?"

"போதாது" என்றாள். ஆனால் காலையில் குழாயடி வரிசையில் போட்டுவிட்டுப் போன என் வாளியைத் தன் மணிக்கட்டில் மாட்டித் தூக்கிக்கொண்டாள். விரலால் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மேஜைக்குப் போனதும் நான் தொட்டிப் பக்கம் நின்றேன். "நீ தட்டு. நான் முக்கறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"உன் விரல் என் விரல்."

"இப்ப நீங்களும் கவிதை எழுத ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ட்ரேயை எடு."

"ரேடியோக்கா, பாருங்க. எங்க அண்ணி உருவகமா நிக்கிறாங்க."

"உருவகமோ உருளைக்கிழங்கோ, பையில கட்டி விழணும். ரெண்டு பேரும் சீக்கிரம்" என்றாள் ரேடியோ அக்கா.

கையை உள்ளே விட்டேன். ஊசி. எரிச்சல். பிறகு ஒன்றும் இல்லை.

மலர் வந்தது. வழவழ தாள். முதல் பக்கத்தில் கவிதை. எதிர்ப்பக்கத்தில் படம்: தொட்டிக்குள் முதலாளியின் மோதிரக் கையும் நாத்தனாரின் கையும். படத்தில் வெடிப்பு தெரியவில்லை. தண்ணீருக்குள் எல்லாக் கையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. கீழே எங்கள் பத்தி. 'இது உருவகம்' என்ற இடத்தோடு முடிந்திருந்தது. வெடித்தால் வெடிப்பது முதலாளியின் விரலே என்பதும், கடைசி வரியும் இல்லை. கேட்டதற்கு, "இடம் பத்தலைம்மா" என்றார்கள். பத்தி எழுதினவளுக்குப் பரிசு என்று கவிதையைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். உடை மாற்றும் அறையில் தடித்த கையுறைகள் தொங்கிக்கொண்டிருந்த ஆணி காலியாகக் கிடந்தது. ரேடியோ அக்கா அதில் மாட்டிவிட்டாள். "பொருத்தமா இருக்கு" என்றாள்.

நாத்தனாரின் வெடிப்புகள் இப்போது ஆறிவருகின்றன. ட்ரேயைத் தட்டும் சத்தத்திலேயே அவள் கோபம் தெரிகிறது. சாயங்காலம் என் கைக்குக் களிம்பு தடவுகிறாள், திட்டிக்கொண்டே. என் நடுவிரல் நேற்று முதல் முதலாக வெடித்தது.

நான் இனி எந்தக் கவிதைக்கும் பத்தி எழுத மாட்டேன். எழுதினாலும் அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இதையும் அணி இல்லாமலே எழுதுகிறேன்: முதலாளி எங்கள் மேஜைக்கு ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த கையுறை தர வேண்டும். இன்னும் தரவில்லை.